நைட்ரோ டிரக்: பெங்களூரு உயரத்துக்கு எந்த எஞ்சின் பொருந்தும்?

பெங்களூரு: ரிமோட் கண்ட்ரோல் டிரக்குக்கான நைட்ரோ எஞ்சினை வண்டியின் அளவைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டிரக்குக்கு 2 முதல் 3 சிசி போதுமானது. எட்டில் ஒரு பங்கு அளவுக்கு 3.5 சிசி அல்லது சற்று கூடுதலாகத் தேவைப்படும்.

மர்பி டவுன் உள்ளிட்ட பெங்களூரு பகுதிகள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளன. சென்னையைவிட இங்கு காற்றழுத்தம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. இதனால் கலவையில் எரிபொருள் மிகுந்து, எஞ்சினின் வேகம் மந்தமாகும்.

இதற்குப் பெரிய எஞ்சின் தீர்வாகாது. அது கியர்களைத் தேய்த்துவிடும். கார்புரேட்டர் ஊசியைச் சிறிது இறுக்கினாலே போதும். அளவு மீறினால், எரிபொருளுடன் கலந்து வரும் மசகு எண்ணெயும் குறைந்து பிஸ்டன் பழுதாகும்.

எரிபொருளில் உள்ள மெத்தனால் கடும் நச்சு. அதை உட்கொண்டால் பார்வையும் உயிரும் பறிபோகலாம் என்பதால், சிறுவர்களுக்கு எட்டாதவாறு பூட்டி வைப்பது அவசியம்.