விடியப்புறம் பிறந்த வருடம்

அடுப்படிக் குறிப்புகள் – தொடர் 11

விசுவாவசு வருடம் எங்களை நித்திரையால் எழுப்பிவிட்டுத்தான் பிறந்தது. 2025 ஏப்ரல் 14, திங்கட்கிழமை விடியப்புறம்; வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி இரண்டரை மணியளவில், திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி மூன்று மணி கடந்து. பிறப்புக்கு முன் நாலு மணித்தியாலம், பின் நாலு மணித்தியாலம் புண்ணியகாலம். ஞாயிறு இரவே மருத்துநீர் வைத்து முழுகிவிட்டுப் படுத்திருந்தாலும் ஒரு குறையும் வந்திராது. மாமிதான் விடமாட்டா. "வருசம் வரேக்கை நாங்கள் படுத்துக் கிடக்கிறதோ?" ஆகவே இரண்டு மணிக்கு அலாரம்.

யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசும்போது சாதகம் பார்ப்பார்கள்; வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் என்று யாரும் கேட்பதில்லை. இவருடைய, என் கணவரின், வீடு பரம்பரையாக வாக்கியம். கொக்குவில் இரகுநாதையர் பஞ்சாங்கம் விறாந்தையில் ஆணியில் தொங்கும். என் தாய்வீடு திருக்கணிதம். அது மட்டுவிலிலிருந்து வருவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வருடப் பிறப்பில் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆனால் அந்த இடைவெளிக்குள் எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடக்கும். வாக்கியம் என்பது சந்திரனின் ஓட்டத்தை 248 சிறு வாக்கியங்களில் அடக்கி, எழுத்துக்கு எண் என்று வைத்து, முன்னோர் மனப்பாடம் செய்து கொண்டுவந்த முறை. திருக்கணிதம் வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்ட கணக்கு. சிங்கள மக்களின் புத்தாண்டு நேரமும் இந்த இரண்டாவது கணக்கோடுதான் ஒத்துப்போகிறது. எது சரி என்று சாய்மனைக் கதிரையில் இருந்து நியாயம் பேசுகிறவர்கள் ஆண்கள். இரண்டு கணக்குக்கும் ஒரே பானையில் பொங்குகிறவள் நான்.

பஞ்சாங்கத்தின் வருடம் 365 நாளும் ஆறு மணித்தியாலமும் பன்னிரண்டு நிமிடமும் சொச்சமும். அதனால் சூரியன் மேட இராசிக்குள் நுழையும் நேரம் வருடத்துக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் தள்ளிப்போகும். 2022இல் காலைச் சாப்பாட்டு வேளையில் பிறந்தது. இப்போது நடுச்சாமம் கடந்து பிறந்திருக்கிறது. அடுத்த முறை திரும்பவும் காலை. நாலு வருடத்துக்கு ஒருக்கால் பெண்களுக்கு நித்திரை இல்லை என்று அர்த்தம். வானத்தை இவ்வளவு நுட்பமாகக் கணித்தவர்களில் ஒருவராவது முதல்நாள் பயத்தம்பணியாரத்துக்கு மா வறுத்திருப்பாரோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

மருத்துநீருக்கு ஞாயிறு பின்னேரமே கோயிலில் வரிசை. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பால், கோசலம், கோரோசனை, மஞ்சள், சுக்கு என்று சேர்த்துக் காய்ச்சியதைக் குருக்கள் போத்தல் போத்தலாக ஊற்றிக் கொடுத்தார். சந்தையில் பழம் வாங்கிய பையோடு நின்ற பெண்கள், பல்கலைக்கழக விடுதியில் இருந்து ஊருக்குப் போகாத பிள்ளைகள் சிலர், எல்லாருமாக நின்றோம். விடியப்புறம் மாமி கிணற்றடியில் என் தலையில் பஞ்சாங்கம் சொன்ன இலையை வைத்து, காலடியில் மற்ற இலையைப் போட்டு, மருத்துநீரைத் தடவிவிட்டா. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இன்னும் என் தலையில் கை வைக்க வீட்டில் ஒரு மூத்தவர் இருக்கிறா என்பதை அந்த நேரத்தில்தான் நினைத்தேன். மாமிக்கும் எனக்கும் ஆயிரம் கணக்குகள் உண்டு. அவற்றைச் சென்ற கிழமையே எழுதிவிட்டேன். அந்தக் கை தலையில் இருக்கும்போது எந்தக் கணக்கும் இல்லை.

முழுகி வந்து விளக்கேற்றிக்கொண்டிருக்கத் தொலைபேசி அடித்தது. ரொறன்ரோவில் மகன். "அம்மா, எங்களுக்கும் இப்பவே பிறந்திட்டுதோ, இல்லாட்டி நாளைக்கு விடியவோ?" சூரியன் இராசி மாறுவது உலகம் முழுவதற்கும் ஒரே கணம். மணிக்கூடுதான் வேறு. அங்கே ஏப்ரல் மாதத்தில் ஒன்பதரை மணித்தியாலம் பிந்தி. எனவே எனக்குத் திங்கள் விடியப்புறம் பிறந்த வருடம் அவனுக்கு ஞாயிறு பின்னேரம் ஐந்து மணியளவில், 13ஆம் திகதியே பிறந்துவிட்டது. சட்டி பானை கழுவிக்கொண்டிருந்தானாம். குளித்துவிட்டு விளக்கேற்றச் சொன்னேன். அறையில் புகை பட்டால் அலாரம் அடிக்கும், கற்பூரம் வேண்டாம் என்றான். சரி, விளக்குப் போதும்.

தமிழ்நாட்டில் 2008இல் புத்தாண்டைத் தைக்கு மாற்றச் சட்டம் போட்டார்கள், 2011இல் அதை எடுத்தும்விட்டார்கள். எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. தைக்கும் பொங்குகிறோம், சித்திரைக்கும் பொங்குகிறோம். எங்களுடைய சிக்கல் கைவிசேடம்.

பொங்கி, படைத்து, சாப்பிட்டு முடிந்த பிறகு, பஞ்சாங்கம் குறித்த சுபநேரத்தில் மூத்தவர் இளையவருக்குக் கொடுப்பது கைவிசேடம். வெற்றிலையில் கொஞ்ச நெல்லும் பூவும் ஒரு புதுத்தாளும். வாங்குகிறவர் காலில் விழுந்து எழும்பி இரண்டு கையாலும் வாங்க வேண்டும். சிறுவயதில் நாங்கள் அந்தக் காசைச் செலவழிக்கமாட்டோம். வருடம் முழுவதும் கொப்பிக்குள் இருக்கும். பெயரிலேயே கை இருக்கிறது என்று விளக்கம் சொல்ல நான் வரவில்லை. கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே முற்றத்தில் நிற்காமல் இந்த ஒரு சடங்கைச் செய்ய முடியாது என்பதுதான் என் தொல்லை. பொங்கலைப் படம் எடுத்து அனுப்பலாம். கோயில் பூசையைத் திரையில் பார்க்கலாம். இதை அனுப்ப வழியில்லை.

இப்போது பணம் எதிர்த்திசையில் வருகிறது. வருடப் பிறப்புக்குக் கனடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் காசு வங்கிக்கு வரும். அதற்கு அவர்கள் கைவிசேடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. அது பிள்ளைகளின் உழைப்பு, மருந்துச் செலவு, வீட்டுக் கூரைத் திருத்தம். கைவிசேடம் மூத்தவர் கையிலிருந்து இறங்க வேண்டியது. ஆகவே ஒவ்வொரு வருடமும் மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று கடித உறையில் புதுத்தாளும் இரண்டு நெல்மணியும் போட்டு, வருடத்தின் பெயரை எழுதிச் சாமியறையில் வைக்கிறேன். வரும்போது மொத்தமாகக் கொடுப்பேன். இவர் சிரிப்பார். "பணவீக்கத்திலை உன்ரை கைவிசேடம் கரைஞ்சு போச்சு" என்பார். 2022க்குப் பிறகு அந்தப் பகிடியில் உண்மையும் இருக்கிறது. அந்த வருடம் ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 14ஆம் திகதி வருடப் பிறப்பு. பால்மா இல்லை, எரிவாயு இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் கங்குமட்டையும் பன்னாடையும் பொறுக்கி அடுப்பு மூட்டினோம். அது எங்களுக்குப் புதிய வித்தை அல்ல.

அந்த வித்தையை நாங்கள் கற்ற வருடம் தாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. எங்கள் திருநெல்வேலி வெறுமையானது. அடுத்த சித்திரை, 1996இல் தாது பிறந்தபோது, நாங்கள் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையை இன்னும் சில குடும்பங்களோடு பங்கிட்டுக்கொண்டு இருந்தோம். மருத்துநீர் எங்கே காய்ச்சுகிறார்கள் என்று தெரியவில்லை. அம்மா ஒரு வேப்பங்கொத்தும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் சுடவைத்து எல்லாத் தலையிலும் தெளித்தா. வாக்கியமா திருக்கணிதமா என்று அந்த வகுப்பறையில் ஒருவரும் கேட்கவில்லை. பொங்குவதற்குப் பச்சை அரிசி இருக்கவில்லை. நிவாரணப் புழுங்கல் அரிசியில் சர்க்கரை போட்டா. எனக்கு ஆத்திரம் வந்தது. வீடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் யாருக்குப் பொங்கல் என்று கேட்டேன். "சூரியன் இடம்பெயரேல்லைத்தானே பிள்ளை" என்றா அம்மா. சில நாள் கழித்து, ஏப்ரல் 19ஆம் திகதி, இராணுவம் தென்மராட்சிக்குள்ளும் நடவடிக்கையைத் தொடங்கியது. சனம் வன்னிக்குப் பாதி, வலிகாமத்துக்குப் பாதியாகப் பிரிந்தது. நாங்கள் திருநெல்வேலிக்குத் திரும்பினோம். கதவுகள் இல்லாத வீட்டுக்கு.

அம்மாவுக்குத் தெய்வத்தோடு இருந்த உறவு என்ன என்பதை நான் பிள்ளை பெற்று வளர்த்த பிறகுதான் ஓரளவுக்கு ஊகித்தேன். அவ கேட்டதை நான் கண்டதில்லை. நேர்த்தி வைத்ததில்லை. நேரத்துக்கு விளக்கு, நேரத்துக்குப் பூ, அவ்வளவுதான். நான் அப்படியல்ல. சோதனைக்கு நேர்த்தி, விசாவுக்கு நேர்த்தி, சத்திரசிகிச்சைக்கு நேர்த்தி என்று நல்லூரானை ஒரு கந்தோர் போல நடத்தியவள். நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு இன்னும் ஒரு ரூபாய்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கும் அதே ஒரு ரூபாய், வேலையில்லாதவருக்கும் அதே ஒரு ரூபாய். பூசை மணி சொன்ன நேரத்துக்கு அடிக்கும். அமைச்சர் வந்தாலும் காத்திருக்காது. இந்த வருடப் பிறப்பன்று அங்கே நின்றபோது அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் யோசித்தேன்: கூடக் கொடுத்துக் கூட வாங்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு இவ்வளவு காலமும் பேரம் பேசியிருக்கிறேன். பிள்ளைகளின் பெயர், நட்சத்திரம் சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை.

பக்கத்து வளவுக்குப் பலகாரம் கொண்டுபோனேன். அங்கே இருக்கிறவ கத்தோலிக்கர். இந்த முறை வருடப் பிறப்புப் பெரிய கிழமையில் வந்துவிட்டது. உயிர்த்த ஞாயிறு 20ஆம் திகதி. ஒறுத்தல் என்று சொல்லிப் பயத்தம்பணியாரத்தை அப்படியே டின்னில் போட்டு மூடி வைத்தா. "பாஸ்காவுக்குப் பிறகு சாப்பிடுறன், அக்கா. கெட்டுப்போகாதுதானே?" கெட்டுப்போகாது. 2019இல் வருடப் பிறப்புக்கு மறுகிழமை உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தபோது, இதே மதிலுக்கு மேலால்தான் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எங்கள் பகுதியில் இன்னொரு தாய். என்னைப் போலவே ஒவ்வொரு வருடமும் மகனுக்குக் கைவிசேடம் எடுத்து வைக்கிறவ. 2007இல் அவனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவவுடைய கட்டில் அடியில் இருக்கும் தாள்கள் இப்போது கடைகளில் காணாத பழைய வடிவம். என் உறைகளைப் பற்றி நான் பெருமையாக எழுதினேனே, அவவிடம் சொல்ல எனக்கு வாய் வராது. என் பிள்ளைகளுக்கு விமானச் சீட்டு என்று ஒன்று இருக்கிறது.

மகனுக்குத் திவசம் செய்யச் சொல்லி ஆரோ சொன்னார்களாம். எந்தத் திதியில் என்று அவ கேட்டா. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நிமிடக் கணக்கில் சொல்லும் எங்கள் பஞ்சாங்கங்கள் இரண்டிலும் அதற்குப் பதில் இல்லை. திவசம் செய்தால் இறந்துவிட்டான் என்று தாயே கையெழுத்துப் போட்டது போல; செய்யாவிட்டால் ஒருவேளை பசித்த ஆவியை அலைய விட்டது போல. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணை வைத்திருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை ஆணைக்குழுக்களில் இருப்பவர்கள் விளங்கியதாகத் தெரியவில்லை. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. ஆணையாளர்கள் 2018இல் நியமிக்கப்பட்டார்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டம் எட்டு வருடம் தாண்டிவிட்டது. பதில் கிடைக்காமலே கண் மூடிய பெற்றோர் பலர். இதுவும் புதிதல்ல, 1984இலேயே யாழ்ப்பாணத்து அன்னையர் முன்னணி, பிடித்துச் சென்ற பிள்ளைகளைக் கேட்டு அரசாங்க அதிபரிடம் ஊர்வலமாகப் போனது. அன்று போன தாய்மார் இன்று ஆச்சிமார்.

அவ வருடப் பிறப்பன்று பொங்குவதில்லை. ஆனால் விளக்கு ஏற்றுவா, கைவிசேடமும் எடுத்து வைப்பா. விசுவாசம் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், கோயில் கோயிலாகத் திரியும் என்னை விட அவவைத்தான் காட்டுவேன்.

இனி வருவது சித்திரா பூரணை. இந்த வருடம் வெசாக்கை ஒட்டி, மே மாதத்தில் வருகிறது. தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவர்களுக்கு இந்தப் பூரணை. அம்மா போன பிறகு எனக்கும் அந்த விரதம் உண்டு. கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படித்து, கஞ்சி காய்ச்சிப் பிளாவில் வார்ப்பார்கள். அடுத்த கிழமை அந்தக் கஞ்சியைப் பற்றி எழுதுவேன். கதையை இராகத்தோடு படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் குறைந்து வருகிறார்கள். உங்கள் ஊரில் இன்னும் படிக்கிறார்கள் என்றால், எந்தக் கோயில், யார் படிக்கிறார், பயன் சொல்கிறவர் யார், கஞ்சிக்கு என்னென்ன போடுகிறீர்கள் என்று ஆசிரியர் முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். வீட்டில் பழைய அச்சுப் பிரதி கிடந்தால் கறையான் அரிக்க விடாதீர்கள். ஒரு படி எடுத்து அனுப்பினால் அதையும் தொடரில் சேர்த்துக்கொள்கிறேன்.