எந்த நாட்டுப் பருவம்?

சில தினங்களுக்கு முன் நமது காரியாலயத்துக்கு ஓர் இளைஞர் வந்திருந்தார். தேச காரியங்களில் ஊக்கமுள்ளவர். கூட்டங்களுக்காகத் திருநெல்வேலிக்கும் கோயமுத்தூருக்கும் இரவு பகல் பாராது மோட்டாரில் ஓடுகிறவர். அவர் வைத்திருப்பது சென்னைக்கு அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியாகும் ஹூண்டாய் ஐ20 என்-லைன் என்னும் வண்டி. 2021-ம் வருஷத்தில் வெளிவந்த இவ்வண்டி உருவத்தில் சிறியதேயாயினும் வேகத்தில் பெரியது; அதன் ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் 120 குதிரைத் திறனுடையது. டயர்கள் தேய்ந்துவிட்டபடியால் புதியவை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர், "ஆல் ஸீஸன் பெர்பார்மன்ஸ்" என்று விளம்பரம் செய்யப்பட்ட டயர் ஒன்றை எடுத்து வைத்து, "இது எல்லாப் பருவங்களுக்கும் ஏற்றது, அமெரிக்காவில் எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள்" என்றாராம். விலையும் சற்று அதிகம். "வாங்கலாமா, ஐயா?" என்று நண்பர் நம்மைக் கேட்டார்.

நாம் கேட்ட எதிர்க்கேள்வி ஒன்றே. "எந்த நாட்டுப் பருவத்துக்கு, தம்பி?"

டயர் வாங்குவதெல்லாம் ஒரு பத்திராதிபர் எழுதக்கூடிய விஷயமா என்று நேயர்களில் சிலர் நகைக்கக் கூடும். அவர்கள் பின்வரும் கணக்கைப் பார்க்கட்டும். 2022-ம் வருஷத்தில் இந்தியாவின் சாலைகளில் நேர்ந்த விபத்துக்கள் 4,61,312. மாண்டவர்கள் 1,68,491 பேர். இவற்றுள் தமிழ் நாட்டில் நேர்ந்த விபத்துக்கள் 64,105. மாண்டவர்கள் 17,884 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் இந்திய ராஜ்யங்களுள் முதல் ஸ்தானம் நமக்கே கிடைத்தது. இவையெல்லாம் டயரினால் நேர்ந்தன என்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் எவ்வளவு விலையுயர்ந்த மோட்டாரும் பூமியைத் தொடுவது நான்கு உள்ளங்கை அகல ரப்பரினால் மட்டுமே. எஞ்சினின் வேகமும், பிரேக்கின் வலியும், ஓட்டுகிறவனின் சாமர்த்தியமும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவன்றி வேறு வழியில் பூமியை எட்டுவதில்லை.

இனி "எல்லாப் பருவம்" என்ற சொல்லின் பூர்வோத்தரத்தைக் கவனிப்போம். ஐக்கிய அமெரிக்காவின் வட பாகங்களிலும் கனடாவிலும் வருஷத்தில் சில மாதங்கள் உறைபனி சாலையை மூடிக் கிடக்கும். அங்குள்ளவர்கள் கோடைக்கு ஒரு ஜோடனை, பனிக்கு ஒரு ஜோடனை என்று வருஷத்துக்கு இருமுறை டயர் மாற்றி வந்தனர். அந்தச் செலவையும் சிரமத்தையும் தவிர்ப்பதற்கென்று 1977-ம் வருஷத்தில் குட்இயர் கம்பெனி டியெம்போ என்னும் ரேடியல் டயரை வெளியிட்டது. அது முதல் இவ்வகை அந்நாட்டில் பெருவழக்காயிற்று. பக்கச் சுவரில் "எம்", "எஸ்" என்ற இரண்டு எழுத்துக்கள் பொறித்திருக்கும். சேறும் பனியும் என்பது பொருள். அவ்வெழுத்துக்களைப் பொறிப்பதற்குப் பனியில் ஓட்டிப் பரீட்சை செய்ய வேண்டுவதில்லை. ரப்பரின் மேல் வெட்டப்பட்ட பள்ளங்களின் அமைப்பு ஒரு விதிக்கு ஒத்திருந்தாற் போதும். இதனாலேயே பின்னர், மும்முடி மலையும் அதனுள் பனித்திவலையுமாக வேறொரு முத்திரை ஏற்பட்டது. அதனைப் பெறப் பனியிலே பரீட்சை உண்டு.

வெயில் காலத்துக்கென்று செய்த ரப்பர், வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கினால் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும் என்பது அத்தொழிலாளர் கூறும் பொது விதி. எல்லாப் பருவ டயர் அந்தக் குளிரிலும் இளகியிருக்கும்படி கலவை செய்யப்படுகிறது. பனியைக் கவ்வுவதற்காக அதன் மேற்பரப்பு மெல்லிய கீறல்களால் துண்டு துண்டாக்கப்படுகிறது. அவ்விடத்தில் அவை குணங்கள். ஆனால் சென்னையிலோ 2003-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி 45 பாகை வெயில் காய்ந்தது. 10 பாகைக்குக் கீழே குளிர் இறங்கக் கண்டவர் எவருமில்லை. குளிருக்காக இளக்கிய ரப்பரும், பனிக்காகக் கீறிய கட்டைகளும், கொதிக்கும் தாரின் மேல் வேகமாகத் திரும்பும்போது நெளிந்து கொடுக்கும். ஸ்டீரிங்கைத் திருப்புவதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையே ஒரு தாமதம் உண்டாகும். வேக வண்டி வாங்கியவனுக்கு இதைவிட நஷ்டம் வேறென்ன? ஒரே வழக்கில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே வக்கீல் ஆஜரானாற் போலிருக்கிறது இந்த ஏற்பாடு.

அமெரிக்கர்களே இதை அறியாதவர்களல்லர். 2017-ம் வருஷத்தில் அந்நாட்டில் வெளியான ஹோண்டா ஸிவிக் எஸ்.ஐ. என்னும் சிறிய வேக மோட்டாருக்கு எல்லாப் பருவ டயரே சாதாரணமாகப் பூட்டப்பட்டது. பிடிப்பு அதிகம் வேண்டுவோர் மேற்கொண்டு பணம் கட்டிக் கோடைக்கால டயரைப் பெற்றுக்கொண்டார்கள். அங்கே மேல்விலை கொடுத்து எதனிடமிருந்து விலகுகிறார்களோ, அதனையே இங்கே மேல்விலை கொடுத்து வாங்கும்படி நமது இளைஞருக்கு யோசனை சொல்லப்படுகிறது! அந்நிய நாட்டுச் சட்டை அந்நிய நாட்டுக் குளிருக்குத் தைத்தது என்பதை நாம் கற்று எத்தனை காலமாயிற்று. ஆயினும் கோடை வெயிலில் கம்பளிக் கோட்டுடன் நீதிமன்றத்தில் நிற்கும் நம் போன்ற வக்கீல்கள் இதைப் பிறருக்கு உபதேசிக்கச் சற்றுக் கூசத்தான் வேண்டும்.

சிம்லா, மணாலி, லே முதலிய இமயப் பிரதேசத்தில் வாசஞ் செய்வோர் விஷயம் வேறு. அவர்களுக்கு மலை முத்திரையுள்ள டயரே வேண்டும். உதகையில் மார்கழி, தைக் காலைகளில் உறைபனி விழுவதுண்டு என்று ஆக்ஷேபிப்பாரும் உளர். வெயில் ஏறும்வரை நிதானமாக ஓட்டுவது அதற்குப் போதிய பரிகாரம்.

அப்படியானால் நமக்குரிய பருவங்கள் யாவை? வெயில் ஒன்று, மழை மற்றொன்று. வெயிலை ஏறக்குறைய எல்லா நல்ல டயரும் தாங்கும். மனிதனைச் சோதிப்பது மழையே. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை; அதில் பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. மாதக்கணக்காகத் தாரின் மேல் படிந்த எண்ணெயும் புழுதியும் முதல் மழையில் குழம்பி, சாலையைப் பாசி பிடித்த குளத்துப் படியைப் போலாக்கும். பின்பு தண்ணீர் தேங்கும். வேகமாய் வரும் சக்கரம் அத்தண்ணீரைப் பள்ளங்களின் வழியே வெளியேற்ற அவகாசமில்லாவிடில், நீரின் மேலேயே ஏறி மிதக்கும். அந்த க்ஷணத்தில் பிரேக்கும் ஸ்டீரிங்கும் இருந்தும் இல்லாதவை. ஆகாய விமானச் சக்கரங்களைக் கொண்டு அமெரிக்க நாஸா ஸ்தாபனத்தார் இதற்கு ஒரு கணக்குக் கண்டனர். மோட்டாருக்கு அதை உத்தேசமாகப் பொருத்தினால், 32 பவுண்டு காற்றழுத்தமுள்ள சக்கரம் மணிக்கு ஏறக்குறைய 94 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கலாம். அழுத்தம் 24 பவுண்டாகக் குறைந்திருந்தால் 82 கிலோமீட்டரிலேயே மிதக்கலாம். தேய்ந்த டயரானால் இன்னும் சீக்கிரம். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது சட்டம். அந்த எல்லையைக் காட்டும் சிறு மேடுகள் பள்ளத்துக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கின்றன. சட்டம் குற்றவாளியைப் பிடிப்பதற்காக வைத்த கோடு அது. உயிரைக் காக்க விரும்புகிறவர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நலம்.

ஆகவே நமது இளைஞர் தேட வேண்டிய குணம் ஈரத்தில் பிடிப்பு. அதைக் கடைக்காரர் வாயிலாக அறிவதைக் காட்டிலும் டயரின் வாயிலாகவே அறிவது உத்தமம். நிலம் வாங்குகிறவன் பத்திரத்தைப் படிப்பதுபோல் டயரின் பக்கச் சுவரைப் படிக்க வேண்டும். அவருடைய வண்டியில் 195/55 ஆர் 16 என்றிருக்கிறது. அகலம் 195 மில்லிமீட்டர். சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 55 பங்கு, அதாவது சுமார் 107 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் குறுக்களவு 16 அங்குலம். அடுத்து 87 வி என்று இருந்தால், 87 என்பது ஒரு சக்கரம் 545 கிலோ பாரம் தாங்கும் என்பதற்குக் குறி. வி என்பது 240 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறி. எச் 210-க்கும், டி 190-க்கும் உரியவை. "நாம் 190-ல் போகப் போவதில்லையே, மலிவான டி போதாதா?" என்று கேட்பவருக்கு நமது பதில்: அந்த எழுத்து வேகத்தை மட்டுமன்று, உஷ்ணத்தைத் தாங்கும் சக்தியையும் குறிக்கிறது. உளுந்தூர்ப்பேட்டைக்கும் திருச்சிக்கும் இடையே சித்திரை மாத மத்தியானத்தில் நான்கு பேரும் மூட்டைகளுமாக விரைகிற வண்டியின் டயர் எவ்வளவு காய்கிறது என்பதைக் கையால் தொட்டவரே அறிவர். வண்டி செய்தவர் விதித்த எழுத்துக்குக் கீழே இறங்கலாகாது. அழகுக்காக அகல டயர் பூட்டும் மோகமும் இக்காலத்தில் மிகுந்திருக்கிறது. அகலம் கூடினால் தண்ணீரில் மிதப்பதும் எளிதாகிறது என்பதை அப்பிரியர்கள் அறிவார்களாக.

சில டயர்களில் "டிரெட்வேர்" என்று ஓர் எண் காணப்படும். அமெரிக்க சர்க்காரின் விதிப்படி இடப்படுவது, தேய்மானத்தைக் குறிப்பது. 500 உள்ளது 250 உள்ளதைவிட நீண்ட காலம் உழைக்கும் என்று பொருள். ஆனால் அந்த எண்ணைத் தமக்குத் தாமே இட்டுக்கொள்வது உற்பத்தியாளரே. ஒரு கம்பெனியின் எண்ணை மற்றொரு கம்பெனியின் எண்ணோடு ஒப்பிடுவது, தன் சாக்ஷியைத் தானே சொல்லிக்கொள்ளும் இருவருள் யார் யோக்கியர் என்று தீர்ப்பதற்கு ஒப்பாகும். பெரும்பாலும் மிக நீண்ட காலம் உழைக்கும் ரப்பர் கடினமானது. கடினமானது ஈரத்தில் எளிதில் வழுக்கும். ரப்பரோடு ஸிலிக்காவைச் சேர்த்து இவ்விரோதத்தை ஒருவாறு தணிக்கும் வித்தையை 1990-களில் பிரான்ஸ் தேசத்து மிஷ்லான் கம்பெனியார் பரவச் செய்தனர். வேக டயர் வாங்குவோர் ஸிலிக்கா கலவையா என்று விசாரிப்பது வீண் போகாது.

இங்கே சுதேசிப் பிரச்னை எழுகிறது. அதை விட்டுவிட்டு நாம் எழுதவும் முடியாது. 1876-ம் வருஷத்தில் விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் அமேஸான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அவற்றின் சந்ததியே இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தது. மலாயாத் தோட்டங்களில் அம்மரங்களைக் கீறிப் பால் எடுத்த கைகளில் பெரும்பான்மை தமிழருடைய கைகள். பால் எடுத்தவன் லயத்திலிருந்தான். லாபம் லண்டனுக்குப் போயிற்று. பிறகு 1946-ம் வருஷத்தில் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் ரப்பர்; 1961-ல் அமெரிக்க மான்ஸ்பீல்டு கம்பெனியின் கூட்டுறவுடன் டயர்த் தொழில். எம்.ஆர்.எப். என்று உலகம் இன்று அறிவது அதனையே. திருவொற்றியூர், அரக்கோணம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று டயர் ஆலைகள் நம்மைச் சுற்றி நிற்கின்றன. கன்னியாகுமரி ஜில்லாவில் மரமும் நிற்கிறது. இந்நிலையில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சொல்லுக்காகப் பணத்தை இறைப்பானேன்?

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 2009-ம் வருஷத்து உத்தரவுப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத டயர் இங்கே விற்கலாகாது என்றாயிற்று. 2020 ஜூனில் அந்நிய டயர் இறக்குமதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமென்று மத்திய சர்க்கார் கட்டுப்படுத்தினர். இப்பாதுகாப்பை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் பாதுகாப்புப் பெற்ற தொழில், வாங்குகிற ஜனங்களுக்குக் கடன்பட்டது. 2022-ம் வருஷத்தில் அறிவிக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 142 என்னும் விதி, ஈரப் பிடிப்பு, உருள்தடை, ஓசை ஆகிய மூன்றுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவை வைத்தது. நல்ல காரியமே. எனினும் அது தேறியவரையும் தேறாதவரையும் பிரிக்கிறதேயன்றி, தேறியவருள் முதல்வன் யார், கடைசியானவன் யார் என்று வாங்குவோனுக்குக் காட்டுவதில்லை. ஐரோப்பாவில் 2012 முதல் ஈரப் பிடிப்பின் தரத்தை எழுத்தால் குறித்த சீட்டு விற்பனையின்போது காட்டப்பட வேண்டும். ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் சில மீட்டர் வித்தியாசம். சாலையைக் கடக்கும் ஒரு குழந்தைக்கும் வண்டியின் முகப்புக்கும் இடையே அந்தச் சில மீட்டர் என்ன பெறும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் ஆலைகள் ஐரோப்பாவுக்கு அனுப்பும் டயரில் இந்தச் சீட்டை ஒட்டித்தான் அனுப்புகின்றன. அங்குள்ளவனுக்குச் சொல்லும் உண்மையை இங்குள்ளவனுக்குச் சொல்லலாகாதா? சட்ட சபைகளிலும் பார்லிமெண்டிலும் இருக்கும் நமது நண்பர்கள் இதை ஒரு கேள்வியாகவேனும் எழுப்புவார்களா?

மற்றவை சில்லறை விஷயங்கள். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்பவேண்டுமென்று காசு கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். மாதம் இருமுறை காலையில், சக்கரம் காய்வதற்கு முன் அழுத்தம் பார்ப்பது அதைவிடப் பயன் தரும். இரண்டு டயர் மட்டும் வாங்க வசதியிருந்தால் புதியவற்றைப் பின்னால் பூட்டுக. ஈரத்தில் பின்பக்கம் வழுக்கிச் சுழலும் வண்டியை அடக்குவது அரிது. கடைசியாக, பக்கச் சுவரில் ஒரு சிறு கட்டத்துள் நான்கு இலக்கங்கள் உண்டு. முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம்: 2325 என்றால் 2025-ம் வருஷத்து 23-வது வாரத்தில் செய்யப்பட்டது.

நமது நண்பர் மறுநாள் அதே கடைக்குச் சென்று அந்த நான்கு இலக்கங்களைப் படித்தார். அந்த "எல்லாப் பருவ" டயர் நான்கு வருஷப் பருவங்களைக் கடையின் பின்கட்டிலேயே கண்டுவிட்ட சரக்கு. அவர் அதைச் சுட்டிக் காட்டியதும் கடைக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், இந்தியாவிலே செய்த, வி எழுத்துள்ள வேறு நான்கு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தாராம். வயது இரண்டு மாதம், விலையும் குறைவு.