'உம்ம்... டக்!' ஏ.சி. மக்கர்: கம்ப்ரசர் போச்சா, கண்டன்சர் போச்சா?

கத்திரி வெயில் வந்துவிட்டால் சென்னையில் இரண்டு பேருக்கு ஓய்வே கிடையாது. ஒருவர் இளநீர்க்காரர். இன்னொருவர் ஏ.சி. மெக்கானிக்!

ஒரு காலத்தில் பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த ஏ.சி., இன்று குமாஸ்தா வீட்டுக்கும் தவணையில் வந்துவிட்டது. தவணை முடிவதற்குள் அது படுத்துக்கொண்டால்?

"கம்ப்ரசர் போயிடுச்சு சார், புதுசுதான் போடணும்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். வீட்டுக்காரருக்கு வியர்த்துக் கொட்டும். பல ஆயிரம் ரூபாய் செலவாயிற்றே!

ஆனால் கம்ப்ரசர் ஓடவில்லை என்பதாலேயே அது கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. சில நூறு ரூபாய் சாமான் ஒன்று காரணமாக இருக்கலாம். கருகிய பிளக் ஒன்றாகவும் இருக்கலாம்.

காதைத் தீட்டுங்கள்!

ஏ.சி.யைப் போட்டதும் உள்ளே காற்று வருகிறது. ஆனால் குளிர்ச்சி இல்லை. வெளியே இருக்கும் பெட்டியில் "உம்ம்..." என்று சில வினாடி உறுமல். பிறகு "டக்!" சத்தம் நின்றுவிடுகிறது. சில நிமிடம் கழித்து மறுபடி "உம்ம்... டக்!"

கம்ப்ரசர் சுற்றப் பார்த்து, முடியாமல் நிற்கும் சத்தம் இது. சுற்ற முடியாத மோட்டார் வழக்கத்தைவிட நாலைந்து மடங்கு கரண்ட் இழுக்கும். அது எரிந்துபோகாமல் இருக்க 'ஓவர்லோடு' என்ற சின்ன சாதனம் இணைப்பைத் துண்டிக்கிறது. ஆறியதும் தானே சேர்த்துவிடுகிறது.

முதல் சந்தேகம் கண்டன்சர் மேல்தான். கப்பாசிட்டரைத்தான் நம் ஊரில் அப்படிச் சொல்கிறார்கள். சீலிங் ஃபேனுக்கு வாங்கிப் போடுகிறோமே, அதன் பெரியண்ணன்! ஃபேனுக்கு 2.5 மைக்ரோபாரட் என்றால், ஒன்றரை டன் ஏ.சி. கம்ப்ரசருக்கு 35 முதல் 50 வரை இருக்கும். பலம் குறைந்தால் ஃபேன் மெதுவாகவாவது சுற்றும். கம்ப்ரசரோ அசையாது.

கண்டன்சரின் தலை உப்பியிருந்தால் கதை முடிந்தது. உப்பாமலும் கெடும். 50 என்று எழுதியிருப்பது மீட்டரில் 40 காட்டினால் மாற்ற வேண்டியதுதான்.

'இன்வெர்ட்டர்' ஏ.சி.க்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. அதில் கம்ப்ரசரை ஓட்டுவது எலெக்ட்ரானிக் போர்டு. கோளாறு வந்தால் பெரும்பாலும் ஒரு எண்ணையோ எழுத்தையோ காட்டும். அதைக் குறித்து வைத்து மெக்கானிக்கிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ராத்திரி மட்டும் தகராறு

பகலில் ஒழுங்காக ஓடும் ஏ.சி., ராத்திரி மட்டும் மக்கர் செய்கிறதா? வோல்ட்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், மோட்டாரின் கிளம்பும் பலம் நூற்றுக்கு அறுபதாகக் குறைந்துவிடும்.

பக்கத்து வீடுகளிலும் இதே கதை என்றால் மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-க்குப் புகார் செய்யலாம். உங்கள் வீட்டில் மட்டும் என்றால், உங்கள் இணைப்பில் எங்கோ லூஸ்!

அரை ஓம் செய்யும் வேலை

அந்த 'லூஸ்' லேசுப்பட்டது அல்ல. ஏ.சி. 8 ஆம்பியர் இழுக்கிறது. பிளக்கில் அரை ஓம் அளவுக்குப் பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சின்ன இடத்தில் மட்டும் 32 வாட் சூடு உண்டாகும். ரேடியோ மெக்கானிக்கின் சால்டரிங் அயர்ன் சூடே ஏறக்குறைய அவ்வளவுதான்! பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

பிளக் கை வைக்க முடியாமல் சுட்டால், கருகல் வாடை வந்தால், மெயினை உடனே நிறுத்த வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஏ.சி. ஓட்டவே கூடாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காற்று முனைகளை அரித்துவிடும். பல்லியும் எறும்பும் வெளிப் பெட்டிக்குள் புகுந்து போர்டைக் கெடுப்பதும் உண்டு.

உயிரோடு விளையாட்டு

ஏ.சி. போட்டதும் ஆர்.சி.சி.பி. 'டிரிப்' ஆகிறதா? 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்து உயிரைக் காப்பாற்றுவது அது. "தொந்தரவு சார், அதை எடுத்துட்டு டைரக்டா கொடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்!

ஸ்விட்சை நிறுத்திய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். இன்வெர்ட்டர் போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஆகவே மூடியைத் திறப்பது வீட்டுக்காரர் வேலை அல்ல. பிளக்கைப் பார்ப்பது, ஸ்டெபிலைசரில் வோல்ட்டேஜ் பார்ப்பது, வாடை பிடிப்பது, சத்தம் கேட்பது போதும்.

மூன்று கேள்விகள்

மெக்கானிக் "கம்ப்ரசர் போச்சு" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்.

வோல்ட்டேஜ் அளந்தீர்களா? கண்டன்சர் எத்தனை மைக்ரோபாரட் காட்டியது? கம்ப்ரசரை ஆறவிட்டு அளந்தீர்களா?

மூன்றாவது கேள்வி முக்கியம். சில கம்ப்ரசர்களில் ஓவர்லோடு உள்ளேயே இருக்கும். சூடாக இருக்கும்போது அளந்தால் காயில் அறுந்த மாதிரியே காட்டும். ஆறிய பிறகு அளந்தால் உயிரோடு இருக்கும்!

ஆறிய பிறகும் காயில் அறுந்தே காட்டினாலோ, காயிலுக்கும் வெளி உடம்புக்கும் தொடர்பு காட்டினாலோ கம்ப்ரசர் நிஜமாகவே போய்விட்டது. அதற்கு முன்னால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.