மோட்டார் சைக்கிளில் ஒரு வெடிச்சத்தம்

இலண்டனுக்கு வந்த இரண்டாம் வருடம் எங்கள் வீட்டிற்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினோம். 125 சிசி, காபரேற்றர் உள்ள பழைய வண்டி. தம்பிக்கு ஒரு கடையிலிருந்து வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. வண்டி ஓடினால் சம்பளம், ஓடாவிட்டால் இல்லை.

மூன்றாம் கிழமை அந்தச் சத்தம் தொடங்கியது. ஓடி வந்து வேகத்தைக் குறைக்கும்போது 'டமார்' என்று ஒரு வெடி. பிறகு ஒன்றுமில்லை. அடுத்த சந்தியில் மறுபடியும் வெடிக்கும். இரவு பதினொரு மணிக்குத் தம்பி எங்கள் தெருவுக்குள் திரும்புவான். வீட்டு வாசலுக்குக் கிட்ட வரும்போது ஒரு வெடி. முதல் நாள் அம்மா எழும்பி லைற்றை நூர்த்துவிட்டு, பிள்ளைகளை ஜன்னலடியை விட்டு வரச் சொன்னார். "அது தம்பியின்ரை மோட்டார் சைக்கிள் அம்மா, பயப்படாதேங்கோ" என்றோம். "தெரியும்" என்றார். அடுத்த இரவும் லைற்றை நூர்த்தார்.

பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு நாள் காலை வந்து, மரியாதையாகத்தான், விசாரித்துவிட்டுப் போனார்.

நாங்கள் விட்ட பிழை

எங்களில் பலர் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். ஆளுக்கொரு காரணம் சொல்ல, சொன்னதையெல்லாம் வாங்கினோம். முதலில் புதிய ஸ்பார்க் புளக். பிறகு செயினை இறுக்கினோம். பிறகு காபரேற்றரைக் கழற்றிக் கழுவினோம். வெடி நிற்கவில்லை. ஒரு கராஜில் காட்டினோம். சைலன்சர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலை, நாங்கள் வண்டிக்குக் கொடுத்த காசில் பாதிக்கு மேல்.

கடைசியில், முன்பு சுன்னாகத்தில் கராஜ் வைத்திருந்த ஒரு அண்ணையிடம் போனோம். 1990 இல் வடக்கிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்ட பின், சில துளி பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளோடு காலம் கழித்தவர். உதிரிப்பாகம் இல்லாத ஊரில் வேலை செய்தவருக்கு, மாற்றுவதற்கு முன் தேடத் தெரியும். அவர் ஸ்பனரைத் தொடவில்லை. "சத்தம் எங்கை எண்டு பிறகு பாப்பம். எப்ப வருது எண்டு முதல்லை சொல்லுங்கோ" என்றார்.

அன்று அவர் சொல்லித் தந்ததை எங்களைப்போல் புதிதாக வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறோம்.

சத்தத்தைத் தேடும் முறை

1. வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் வருகிறதா? வந்தால் எஞ்சினிலோ சைலன்சர் குழாயிலோ தேட வேண்டும்.

2. எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைக் கையால் உருட்டுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் செயின், பிறேக், சில்லின் பெயறிங் ஆகியவற்றில் ஒன்று. சில்லைத் தூக்கி நிறுத்தி இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், அல்லது சுற்றும்போது கரகரத்தால், அந்த வண்டியில் ஏற வேண்டாம்.

3. வாகனங்கள் இல்லாத நேரான தெருவில் ஓடும்போது கிளச்சைப் பிடியுங்கள். எஞ்சின் வேகம் குறைந்ததும் சத்தமும் குறைந்தால் அது எஞ்சினோடு சேர்ந்தது. வண்டியின் வேகத்தோடு தொடர்ந்து வந்தால் அது சில்லோடும் செயினோடும் சேர்ந்தது.

4. எஞ்சினுக்குள்ளிருந்து 'கட கட' என்று கனமாகத் தட்டும் சத்தம் வந்தால் உடனே நிறுத்தி, முதலில் ஒயில் அளவைப் பாருங்கள். அந்தச் சத்தத்தோடு வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்று நினைக்கக் கூடாது.

எங்கள் வண்டி நிற்கும்போது வெடிக்கவில்லை; உருட்டும்போதும் இல்லை. ஓடி வந்து அக்சிலேற்றரை விட்டால் மட்டுமே வெடித்தது. அண்ணை எஞ்சினில் சைலன்சர் குழாய் பொருந்தும் இடத்தில் குனிந்து பார்த்தார். அந்தப் பொருத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. ஆறிய வண்டியைத் தொடக்கி, தடித்த கையுறையோடு, தொடாமல் கிட்டப் பிடித்தார். அந்த இடத்தால் காற்று 'புஸ் புஸ்' என்று வந்தது.

காரணம் இதுதான். அக்சிலேற்றரை விடும்போது எஞ்சினுக்குள் போகும் கலவை சரியாக எரிவதில்லை. எரியாத பெற்றோல் ஆவி சூடான குழாய்க்குள் போகிறது. குழாய் இறுக்கமாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. பொருத்தில் ஓட்டை இருந்தால், புகை தள்ளித் தள்ளிப் போகும் இடைவெளிகளில் வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. ஆவியும் காற்றும் சூடும் சேர்ந்தால் வெடிதான்.

பொருத்தில் இருக்க வேண்டிய செப்பு வளையம், அதாவது கஸ்கற், நசிந்து ஒரு பக்கம் உடைந்திருந்தது. முன்பு வைத்திருந்தவர் குழாயைக் கழற்றிவிட்டுப் பழையதையே திரும்பப் போட்டிருக்க வேண்டும். புதியது சில பவுண்கள்தான். எஞ்சின் ஆறிய பின் இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கினால் பொருத்துச் சரியும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் ஆணி முறியும். ஒரு நாள் ஓடிய பின், ஆறவிட்டு மறுபடியும் இறுக்கிப் பார்த்தோம்.

மறக்கக் கூடாதவை

குளிர் காலத்தில் மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை. மயங்கி விழும்வரை தெரியாது, உயிரையும் எடுக்கும். வெளியே வைத்தே பாருங்கள்.

இங்கு மூன்று வருடம் கடந்த மோட்டார் சைக்கிளுக்கு வருடந்தோறும் எம்.ஓ.டி. பரிசோதனை உண்டு. அதில் சைலன்சரின் நிலையையும் சத்தத்தையும் பார்ப்பார்கள். பொலிசார் மறித்தால், பழுதுள்ள வண்டிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுபவர்தான். "வாங்கும்போதே இப்படித்தான்" என்பது அங்கே எடுபடாது.

சத்தம் நின்ற இரவு தம்பி வந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. கதவு திறந்த பிறகுதான் அம்மா எழும்பி வந்தார். "இண்டைக்கு நடந்தோ வந்தனீ?" என்று கேட்டார். லைற் எரிந்தபடியே இருந்தது.

ஆகவே, புதிதாக வண்டி வாங்கியிருக்கும் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: ஒரு சத்தம் கேட்டால் காசை எடுக்க முன் ஒரு துண்டுக் கடதாசியை எடுங்கள். எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று எழுதுங்கள். அதைக் கொண்டுபோய்க் காட்டினால், நல்ல திருத்துநருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் காசும் மிஞ்சும்.