தாத்தா ஓட்டிய விமானத்தைப் பேரன் ஓட்டுகிறான்!

அறுபது வயதில் மனிதன் வேலைக்கு விடை கொடுக்கிறான். திண்ணையில் உட்கார்ந்து பேரனைக் கொஞ்சுகிறான்.

ஆனால், அறுபது வயதைத் தாண்டியும் ஓய்வு பெறாத விமானம் ஒன்று இருக்கிறது!

அதுதான் அமெரிக்காவின் "பி-52" குண்டு வீச்சு விமானம்.

இது முதன் முதலாகப் பறந்தது, 1952-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந்தேதி. மொத்தம் 744 விமானங்கள் செய்யப்பட்டன. கடைசி விமானம் 1962-ல் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்றுகூடப் புதிதாகச் செய்யப்படவில்லை. இன்று மிஞ்சி இருப்பவை 76.

தாத்தா, தந்தை, பேரன் என்று மூன்று தலைமுறையும் பி-52-ல் பறந்த குடும்பம் கூட உண்டு!

ஓட்டல் அறையில் பிறந்தது

1948-ம் ஆண்டு அக்டோபர் மாதம். போயிங் கம்பெனி என்ஜினீயர்கள் டேட்டன் நகருக்கு வந்தார்கள். காற்றாடி பூட்டிய விமானத்துக்கான திட்டம் அவர்கள் கையில் இருந்தது. விமானப்படை அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. ஜெட் விமானம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

என்ஜினீயர்கள் ஊர் திரும்பவில்லை. ஓட்டல் அறையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். லேசான மரத்தில் சிறிய மாதிரி விமானம் ஒன்றையும் செதுக்கினார்கள். திங்கட்கிழமை காலையில் 33 பக்கத் திட்டம் தயார்!

55 யானை எடை

இந்த விமானம் ஒரு ராட்சதன். இறக்கையின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை 185 அடி. நீளம் 159 அடி. முழுச் சுமையுடன் கிளம்பும்போது எடை சுமார் 220 டன். ஒரு யானை 4 டன் என்றால், இது 55 யானைகளுக்குச் சமம்!

1957-ம் ஆண்டு ஜனவரியில் மூன்று பி-52 விமானங்கள் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றி வந்தன. வழியில் ஆகாயத்திலேயே எரிபொருள் நிரப்பிக் கொண்டன. ஆன நேரம் 45 மணி 19 நிமிடம்.

புதிய என்ஜின்

கிழவனுக்கு இப்போது புது உயிர் ஊட்டுகிறார்கள். ஒரு விமானத்துக்கு 8 என்ஜின். 76 விமானங்களுக்கு 608 என்ஜின்கள். இவற்றைச் செய்யும் வேலை 2021-ல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது.

எட்டுக்குப் பதில் நான்கு பெரிய என்ஜின் வைத்தால் என்ன?

பெரிய என்ஜின் தொங்கினால் தரைக்கும் அதற்கும் இடைவெளி குறைந்துவிடும். பறக்கும்போது அதில் ஒன்று நின்றுபோனால் விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் எட்டே போதும் என்று முடிவு செய்தார்கள். புதிய என்ஜின் எரிபொருளை மிச்சப்படுத்தும்.

புதிய ராடாரும் வருகிறது. இந்த மாற்றங்கள் முடிந்ததும் விமானத்தின் பெயர் "பி-52 ஜே". 2050-க்குப் பிறகும் இது பறக்கும் என்கிறார்கள். அப்போது அதன் வயது தொண்ணூறை நெருங்கும்!

எட்டி நின்று அடி

உருவம் பெரிது. வேகமோ ஒலியின் வேகத்துக்கும் குறைவு. ஆகவே ராடாரின் கண்ணில் எளிதில் பட்டுவிடும். 1972 டிசம்பரில் வியட்நாம் போரில் 15 பி-52 விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன.

எனவே இப்போது எதிரியின் தலைக்கு மேல் போவதைத் தவிர்த்து, தொலைவில் இருந்தே ஏவுகணையை விடுகிறது. 1991-ல் ஏழு விமானங்கள் அமெரிக்காவில் இருந்து கிளம்பி, ஈராக் மீது ஏவுகணை வீசிவிட்டு, 35 மணி நேரத்தில் வீடு திரும்பின.

கண்ணீர்க் கணக்கு

மேலே பறப்பவருக்குக் கீழே இருப்பவரின் முகம் தெரியாது.

1972 டிசம்பர் 26-ந்தேதி இரவு ஹனோய் நகரின் காம் தியன் தெருவில் குண்டுகள் விழுந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அந்தத் தெருவில், இடிந்த வீடு இருந்த இடத்தில், இறந்த குழந்தையைக் கையில் ஏந்திய தாயின் சிலை நிற்கிறது.

விமானத்துக்குப் புது என்ஜின் பூட்டலாம். போன உயிரை மீட்க முடியுமா?

இந்தக் கிழட்டு ராட்சதன் இனி ஒரு குண்டும் வீசாமலே ஓய்வு பெறட்டும்!