முந்நிறப் பூனையின் உரோமக் கோலம்

அரியாலையிலே ஒரு வளவின் மதிலோரத்திற் கருமையும் செம்மையும் வெண்மையும் விரவிய பூனையொன்று படுத்திருக்கக் காண்பவர், அது கடுவனோ பெட்டையோ என்று அருகிற் சென்று ஆராய வேண்டுவதில்லை. அது பெட்டையே. ஏறத்தாழ 3,000 இல் ஒன்றே இதற்கு விலக்கு என்பர். பூனை வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்த இச்செய்தியின் முழுக் காரணம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அறிஞர்க்கும் புலப்படவில்லை.

பூனை உரோமத்தின் நிறப்பொருள்கள் இரண்டே: ஒன்று கருமை தருவது, மற்றையது செம்மை தருவது. வெண்மை நிறப்பொருளன்று, நிறமாக்கும் கலங்கள் தோலின் அவ்விடத்தில் இல்லாமையால் விளைவது. சில பூனைகளில் ஒரே மயிரிலும் இருவகை நிறப்பொருளும் மாறி மாறி வளையமிடும். அத்தகைய மயிர் மூடி, உடலிற் கோடு அருகிய இலங்கைப் பூனைகள் சிலவற்றை 1984 இல் இத்தாலிய மிருக வைத்தியர் ஒருவர் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். அவை அங்கே 'சிலோன்' என்னும் பெயரால் ஓர் இனமாக வளர்க்கப்பட்டன. முற்றத்துப் பொருளை அயலார் பெயரிட்டு மதித்த பின்னரே திரும்பிப் பார்ப்பது இந்நாட்டார்க்குப் புதிதன்று. அது நிற்க. அப்பூனையில் நிறங்கள் காலத்தால் மாறி ஒரே மயிரில் அமைகின்றன. முந்நிறப் பூனையிலோ இடத்தால் வேறுபட்டுத் திட்டுத்திட்டாய் நிற்கின்றன. அஃது எவ்வாறு?

செம்மைக்குரிய பரம்பரையலகு எக்ஸ் என்னும் இலிங்க நிறமூர்த்தத்தில் உள்ளது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றே. அது தாய் தந்தது. ஆகவே கரிய தாய்க்கும் செந்நிறத் தந்தைக்கும் பிறந்த கடுவன் குட்டிகளில் செம்மை தோன்றாது. பெட்டைக் குட்டிகளில் இரண்டும் கலந்து தோன்றும். செந்நிறக் கடுவன் குட்டியைக் காட்டி, "அச்சொட்டாகத் தகப்பன்" என்பாருண்டு. அச்செம்மையில் தகப்பனுக்கு யாதொரு பங்கும் இல்லை.

1949 இல் கனடாவிலே மறி பார், ஈவாட் பேட்ரம் என்னும் இருவர் பூனையின் நரம்புக் கலங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது, பெட்டைகளின் கலக்கருவில் மாத்திரம் சிறு புள்ளியொன்றைக் கண்டனர். அப்புள்ளி ஒடுங்கிய எக்ஸ் நிறமூர்த்தமே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1961 இல் இங்கிலாந்தின் மேரி லயன் அம்மையார் சுண்டெலிகளின் உரோமத்தைக் கொண்டு இதனை விளக்கினார். முளையப் பருவத்தின் தொடக்கத்திலேயே பெட்டையின் ஒவ்வொரு கலமும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை ஒடுக்கிவிடும். எதனை ஒடுக்குவது என்பது தற்செயல்; ஆயின் அக்கலத்தின் வழிவந்தன யாவும் அத்தெரிவையே பின்பற்றும். செம்மையலகு ஒடுங்கிய கலங்களின் சந்ததி பரந்த இடம் கருந்திட்டு; ஏனையது செந்திட்டு. விலக்கான கடுவன்கள் பெரும்பாலும் எக்ஸ் ஒன்று மிகையாகப் பெற்றவை, மலடாயிருப்பவை.

2001 மார்கழியில் டெக்சஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தில் முந்நிறப் பூனையொன்றின் உடற்கலத்திலிருந்து குட்டியொன்று படியாக்கப்பட்டது. பரம்பரைப் பொருள் ஒன்றே. ஆயினும் குட்டியிற் செம்மை இல்லை. 2025 இல் அமெரிக்க, யப்பானிய ஆய்வாளர் வெவ்வேறாக ஆராய்ந்து, எக்ஸ் நிறமூர்த்தத்தில் ஏறக்குறைய 5,000 எழுத்துகள் அற்றுப்போனமையே செம்மைக்குக் காரணம் என வெளியிட்டனர். அவ்விழப்பால் அயலிலுள்ள ஓர் அலகு நிறக்கலங்களில் மிகுதியாய் இயங்கிக் கருமையைத் தடுக்கின்றது.

மானிடப் பெண்ணின் உடலும் இவ்வாறே இருவகைக் கலங்களின் கலவை. உரோமம் அதனைக் காட்டாது, அவ்வளவே. குருதி உறையாமை நோயாகிய ஈமோபீலியாவின் அலகும் எக்ஸிலேயே உள்ளது. அதனைத் தாங்கும் சகோதரியர் இருவருள் ஒருத்தி யாதொரு குறியுமின்றி வாழ, மற்றையவளுக்குச் சிறு காயத்திலும் இரத்தம் நெடுநேரம் வடியலாம்; எவ்வெக்ஸ் எத்துணைக் கலங்களில் ஒடுங்கிற்று என்பது இதற்கு ஒரு முக்கிய காரணம். ஆண்மக்களுக்கே உரிய நோய் என்று பெண்பிள்ளையின் குருதிப்போக்கை அலட்சியம் செய்தல் ஆபத்தானது. அந்நோயுள்ள குடும்பத்துப் பெண்ணுக்குப் பல் பிடுங்குமுன்னும் குருதிச் சோதனை செய்விக்குமாறு மருத்துவர் கூறுவது இதனாலேயாம்.