வரப்பிலிருந்து ஆடுகளத்துக்கு

(கபடிக் குழு மாணவியர்)

அறுவடை முடிந்த வயலிலும், பொங்கல் நாளில் ஊர்ப் பொதுத் திடலிலும் சடுகுடு ஆட்டம் நடப்பதை நம் வேப்பூர் வட்டாரத்தில் காணாதவர் இரார். ஆடுவோர் அண்ணன்மார், வரப்பில் நின்று கைதட்டுவோர் நாங்கள். அந்த வரப்பைத் தாண்டி எங்களை உள்ளே அழைத்து வந்தது பள்ளிக்கூடம். ஒரு கிராம விளையாட்டு பள்ளியின் வழியாகச் சிறுமியரிடம் எவ்வாறு வளர்கிறது என்பதை இங்கே கூற விரும்புகிறோம்.

ஆட்டமும் பயிற்சியும்

சடுகுடு இன்று உலகெங்கும் கபடி என வழங்குகிறது. மகளிர் ஆடுகளம் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உடையது. ஒரு பக்கத்துக்கு எழுவர். ஒருத்தி மூச்சு விடாமல் 'கபடி, கபடி' என்று பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் சென்று, தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்கு 30 விநாடிகளே உண்டு. பிடிபட்டாலும் மூச்சு விட்டாலும் அவள் வெளியே. ஆனால் தன் குழு எதிரணியில் ஒருத்தியை வெளியேற்றினால், வெளியே இருப்பவள் மீண்டும் உள்ளே வரலாம். தோற்றவளைத் தோழியரின் உழைப்பு மீட்டுக் கொண்டுவரும் ஆட்டம் இது. எங்களுக்கு இதன்மேல் ஆசை பிறந்ததற்கு அதுவே காரணம்.

புதிதாக வரும் ஆறாம் வகுப்புச் சிறுமிக்கு முதல் நாளிலேயே பிடிக்கக் கற்றுத் தருவதில்லை. விழக் கற்றுத் தருகிறார்கள். கொத்திப் புழுதியாக்கிய மண்ணில், முழங்கையை ஊன்றாமல், தோளைச் சுருட்டி விழ வேண்டும். அடுத்தது மூச்சுப் பயிற்சி. பின்னர் கால் அசைவு. அதன்பின் இருவர் கைகோத்துச் சங்கிலியாக மடக்குதல். நகம் வெட்டியிருக்க வேண்டும். வளையலும் தோடும் கழற்றப்பட வேண்டும். உடம்பில் எண்ணெய் பூசக் கூடாது. இவை எங்கள் ஆசிரியையின் கண்டிப்பு மட்டுமல்ல, ஆட்டத்தின் விதிகளே ஆகும்.

பள்ளி என்னும் ஏணி

பள்ளிகளுக்கிடையே போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக நடைபெறுகின்றன. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. மாநில அணிக்குத் தேர்வு பெற்றால், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிக்குச் செல்லலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விடுதிகளில் தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சியும் பெறலாம்.

இந்த ஏணி பெண்களுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி 1990-ல் இடம்பெற்றது. பெண்களோ 2010 வரை இருபது ஆண்டுகள் காத்திருந்தனர். அந்த முதல் தங்கத்தை வென்றவர் இந்திய மகளிரே. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியச் சிறுமியர் அணியில், சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் ஆடினார். அச்செய்தியை வாசித்த அன்று எங்கள் பயிற்சிக்கு ஒருவரும் தாமதமாக வரவில்லை!

அயர்லாந்து கூறும் பாடம்

1842-ல் பிரசன்டேஷன் சபைக் கன்னியர் அயர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்து பெண் கல்விக்குப் பாடுபட்டனர் என்பதை அறிவோம். அவர்களுடைய நாட்டிலும் மண்ணுக்கே உரிய ஆட்டங்கள் உண்டு. மட்டையால் ஆடும் ஹர்லிங்கும், கேலிக் கால்பந்தும் அவற்றுள் முக்கியமானவை. அவற்றைக் காக்க 1884-ல் ஒரு சங்கம் தோன்றியது. பெண்கள் மட்டையால் ஆடும் ஆட்டத்துக்குக் 'கமோகி' என்று பெயர். அதற்கு 1904-ல் தனிச் சங்கம் ஏற்பட்டது. அங்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களே இவ்வாட்டங்களின் நாற்றங்காலைக் காத்து வருகின்றனர். சிறு பிள்ளைகளுக்கு அங்கே ஓர் அருமையான வழக்கம் உண்டு. ஆடுகளத்தையும் குழுவையும் சிறிதாக்கி, வந்த பிள்ளைகள் அனைவரையும் ஆட்டம் முழுவதும் ஆட வைக்கின்றனர். ஓரத்தில் உட்கார்ந்து ஏங்கும் பிள்ளை அங்கே இல்லை.

இதை நாமும் பின்பற்றலாகாதா? எழுவரை மட்டும் பொறுக்கிக் கோப்பைக்கு அனுப்பினால், மற்றவர் மீண்டும் வரப்பில் நிற்பவர் ஆகிவிடுவர். கீழ் வகுப்புகளிலேனும் அனைவரும் ஆட வேண்டும் என்பது எங்கள் விண்ணப்பம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

எட்டாம் வகுப்பில் எங்களோடு ஆடிய சிலர் ஒன்பதாம் வகுப்பில் வரவில்லை. "வயசுக்கு வந்த பொண்ணு மண்ணுல பொரளுறதா?" என்று வீட்டில் கேட்டார்களாம். படிப்புக் கெடும் என்ற அச்சமும், இருட்டுமுன் பேருந்தைப் பிடிக்க வேண்டுமே என்ற கவலையும் உண்டு. இவை நியாயமான கவலைகளே. ஆகவே காலை வேளையில் பயிற்சி, உடலை மறைக்கும் சீருடை, வெளியூர் செல்லும்போது துணைக்கு ஓர் அருட்சகோதரி என்று பள்ளி ஏற்பாடு செய்தால், பாதித் தடைகள் நீங்கிவிடும்.

சென்ற ஆண்டு, மகளை அழைத்துப்போக வந்த ஓர் அம்மா, கோபத்தோடு களத்தின் ஓரத்தில் நின்றார். அவருடைய மகள் பாடிக்கொண்டே சென்றாள். நால்வர் அவளை மடக்கினர். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரம். திடீரென்று அந்த அம்மா, "மூச்ச விட்டுடாதடி!" என்று கத்தினார். மகள் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டாள். அன்று அவர் மகளை அழைத்துப் போகவில்லை. ஆட்டம் முடியும் வரை உட்கார்ந்திருந்தார்.

அன்புள்ள பெற்றோரே, நீங்களும் ஒரு நாள் வந்து பாருங்கள். தங்கைகளே, வரப்பை விட்டு இறங்கி வாருங்கள். களத்தில் இடம் இருக்கிறது.